குட்டி அனுப்பிய கல்

என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். அதிலும் பாதி வெறும் "ம்". டீ வேண்டுமா என்றால் ம். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்றால் ம். வீடு பற்றி எரிகிறது என்றாலும் அதே ம்தான் வரும்; பிறகு எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து பழையபடி உட்காருவார். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எந்த டாக்டரின் கிறுக்கலைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். இந்த மனிதரின் முகத்தைப் படிக்க மட்டும் இன்னும் எனக்கு முழுசாக வரவில்லை.

குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். அந்தக் கூடத்துக்குள் நான் ஒரு தடவை போயிருக்கிறேன். வரிசையாக ராட்சத பம்புகள், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். இவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே பேரிங் நன்றாக ஓடுகிறதா, தேய்ந்துவிட்டதா என்று அதில் தெரியுமாம். நான் கூப்பிட்டால் விழாத காது அது. பம்ப் முனகினால் மட்டும் கேட்கும்.

எங்களுக்கு ஒரே பெண். தாயைப் போலப் பிள்ளை என்று சொல்லி வைத்தவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. மூக்கும் முழியும் மட்டும்தான் என்னுடையது. பிடிவாதம் அப்படியே அப்பாவுடையது. அவள் படித்து முடித்ததும், வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாத இந்த மனிதர், மேலதிகாரியின் அறை வாசலில் போய் நின்று அவளுக்கு அதே நிலையத்தில் வேலை கேட்டார். கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது எனக்கே தெரியாத ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அவள் போனாள். தினமும் தலைவலியோடு திரும்பி வந்தாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், மாத்திரை போட்டுப் பார்த்தாள். சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்.

"என்னால அந்தச் சத்தத்துல இருக்க முடியலப்பா. நான் வேலையை விட்டுட்டேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் இருக்கலையா? கொஞ்ச நாள்ல பழகிடும்."

"உங்களுக்குப் பழகிடுச்சு. பழகிப் பழகி மனுஷங்க பேசுறதே உங்க காதுல விழாமப் போச்சு."

இவர் கையைக் கழுவினார். "சரி. இனிமே நான் பேசல" என்றார். கத்தவில்லை, தட்டைத் தூக்கி எறியவில்லை. அன்றைக்கு ராத்திரி வரை தாங்கும் என்று நான் நினைத்தேன். பிடிவாதத்துக்கு மெடல் கொடுப்பதாக இருந்தால் இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்டதற்கு எனக்கு ஒன்று.

அவள் ஒரு பயணிகள் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினாள். கிளம்புகிற அன்று இவர் அவள் பெட்டியின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வைத்து, ஜன்னல் ஓர இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். எல்லாம் செய்தார், வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள், இரண்டு பேருக்கும்.

பூட்டு துருப்பிடிக்கிற மாதிரிதான் இதுவும். மறுநாளே திருகியிருந்தால் திறந்திருக்கும். மாதங்கள் போய் வருஷங்கள் ஆனபோது, யார் முதலில் திருகுவது என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. நடுவில் ஒரு தடவை விடுமுறையில் வந்தாள். இவர் பஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து கூட்டி வந்தார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவளும் எடுத்துத் தின்றாள். ஒரு வார்த்தை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைப்பேன். இவர் கை எட்டுகிற தூரத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"அம்மா, அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?"

இவர் என்னைப் பார்த்து, "தேவலைன்னு சொல்லு" என்பார்.

"தேவலையாம்."

"காதுல விழுந்துச்சும்மா."

"விழுந்துச்சு இல்ல? அப்புறம் நடுவுல நான் எதுக்கு? நான் என்ன தபால்காரியா?"

உடனே இரண்டு பக்கமும் கப்சிப். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. என் கண் மூடுவதற்குள் இவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஆசை இல்லை. நகை ஆசை உண்டுதான், ஆனால் இதற்காக அதை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

பேச்சுதான் இல்லை, கல் வந்தது. கப்பலில் போன முதல் வருஷமே அவள் ஒரு பார்சல் அனுப்பினாள். எனக்கு ஒரு சால்வை. கூடவே ஒரு பழைய காலுறைக்குள் உருளைக்கிழங்கு மாதிரி ஓர் அழுக்குக் கல். போனில் என்னிடம், "அது பிரேசில் கல்லும்மா. அகேட்டுன்னு பேரு. மேல தேய்ச்சா உள்ள வரிவரியா வருமாம். அப்பாகிட்ட குடு" என்றாள். இவர் அதைக் குழாயடியில் நனைத்தார். நனைந்ததும் தோலுக்கடியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஏதோ தெரிந்தது. ஈரம் காய்ந்ததும் மறைந்தது. மறுபடி நனைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அதுவே வேலை.

அடுத்த மாதம் எங்கள் துணி துவைக்கும் அறையில் ஓர் இயந்திரம் முளைத்தது. பழைய வாஷிங் மெஷினின் மோட்டார், இரண்டு உருட்டுத் தண்டு, உள்ளே ரப்பர் ஒட்டிய ஒரு மூடி போட்ட உருளை. உருளைக்குள் கற்கள், தண்ணீர், கூடவே சொரசொரப்பான ஒரு கறுப்புப் பொடி. மூடிச் சுழல விட்டால் கல்லும் கல்லும் பொடியும் உரசி உரசி, முனையெல்லாம் மழுங்கும். ஒரு வாரம் ராப்பகலாக ஓட வேண்டும். பிறகு கழுவி, கொஞ்சம் நைசான பொடி, இன்னொரு வாரம். அப்புறம் அதைவிட நைசு. கடைசியில் மாவு மாதிரி ஒரு மெருகுப் பொடி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சும்மா இல்லை. உருளைக்கிழங்கு மாதிரி உள்ளே போனது, ஈரமே இல்லாமல் ஈரமாக மின்னிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே வரிகள், ஒன்றுக்குள் ஒன்றாக.

அதைப் பார்த்ததும் இவர் என்னிடம், "அவளுக்கு அனுப்பிடு" என்றார்.

அன்றிலிருந்து இதுதான். அவள் கப்பல் நிற்கிற ஊர்களிலிருந்து கரடுமுரடாக வரும். இங்கிருந்து பளபளவென்று போகும். உருகுவேயிலிருந்து வந்தது, மடகாஸ்கரிலிருந்து வந்தது, ஏதோ ஒரு துறைமுகக் கடையில் வாங்கிய போட்ஸ்வானா கல் சாம்பலும் ரோஜா நிறமுமாக வந்தது. நல்ல கல்லாகப் பொறுக்கி அவளுக்குப் பொட்டலம் கட்டுவார். சுமாரானது எங்கள் ஜன்னல் கட்டையில் கிடக்கும். மனுஷன் வாயால் சொல்லாததை எல்லாம் உருளையில் போட்டுச் சுற்றுகிறாரே என்று எனக்குச் சில சமயம் பாவமாக இருக்கும். பல சமயம் எரிச்சல்தான் வரும்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அந்தக் கொரகொரப்பு வீட்டில் ஓயாது. கீழ் வீட்டு டெய்லர் மேலே ஏறி வந்து, "அக்கா, உங்க வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறலா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அதற்குப் பிறகு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம். ஒரு கட்டத்துப் பொடி ஒரு துளி அடுத்த கட்டத்துக்குப் போனாலும் எல்லாக் கல்லும் கீறல் விழுந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு கல்லையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். எந்த பிரஷ் என்று ஒரு நாள் காலையில் என் வாய்க்குள் மண் நறநறத்தபோதுதான் தெரிந்தது. இன்னொரு நாள் உருளையில் மிஞ்சிய சேற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டார். அது குழாய்க்குள் போய் இறுகி உட்கார்ந்துகொண்டது. குழாய் சரி செய்ய வந்தவர் குத்திப் பார்த்துவிட்டு, "சிமென்ட் கரைச்சு ஊத்தினீங்களா?" என்றார். வாழ்க்கை முழுக்கத் தண்ணீரை ஓட வைத்த மனுஷர், சொந்த வீட்டில் அடைத்து வைத்துவிட்டார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு ஊமை குழாயைக் கெடுத்தது.

மகள் கப்பலில் ரொட்டி சுடுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. இரண்டு பேரும் கரை இறங்கி, அவருடைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குட்டி என்றுதான் எங்களுக்குப் பழக்கம். குட்டிக்குப் பேச்சு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அதிசயம் நடந்தது. இவர் போனில் பேச ஆரம்பித்தார். குட்டியிடம் மட்டும். "தாத்தா, கல்லு எல்லாம் குளிச்சாச்சா?" என்று அது கேட்கும். "இன்னும் சோப்புப் போட்டுட்டு இருக்கு" என்பார். பக்கத்தில் மகளின் மூச்சுச் சத்தம் கேட்கும். குட்டி ஓடிப் போனதும் பழையபடி ம்.

விடுமுறைக்கு மூன்று பேரும் வருகிறார்கள் என்று முடிவானது. குட்டி இங்கே வருவது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் வந்த பார்சலில் பெரிய அகேட்டுகளோடு, ஒரு ரிப்பனில் சுற்றிய சின்னக் கல் ஒன்று இருந்தது. கட்டைவிரல் அளவு, தவிட்டு நிறம். பள்ளிக்கூடம் போகிற வழியில் குட்டியே பொறுக்கியதாம்; போனில் சொன்னது.

"தாத்தா, என் கல்லையும் பளபளன்னு ஆக்கு. நான் வந்து வாங்கிக்குவேன்."

"ஆக்கிடலாம்."

"வேற யாருக்கும் குடுக்காத."

"குடுக்க மாட்டேன்."

இந்த இடத்தில் இவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் புதுக் கல் வந்தாலும், அடிப்பக்கம் ஓர் இரும்பு ஆணியால் அழுத்திக் கோடு போட்டுப் பார்ப்பார். அகேட்டில் ஆணி வழுக்கும், கோடு விழாது. கோடு விழுந்தால் அது மெத்தென்ற கல். அதை அகேட்டுகளோடு சேர்த்துப் போடவே கூடாது. தடியர்கள் நடுவில் பச்சைப் பிள்ளையை விட்ட கதைதான். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் ஆணிக்குத் தப்பிய கல் கிடையாது.

குட்டியின் கல்லுக்கும் ஆணியை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆணியைக் கல்லின் மேல் வைத்தார். பிறகு எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"குழந்தை ஆசையா எடுத்துக் குடுத்திருக்கு. இதுல போய்க் கீறல் போடுறதா?" என்றார். அப்படியே உருளையில் போட்டு மூடினார்.

வாரம் முடிந்து திறந்தபோது நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அறைக்குள் குந்தியிருந்தார். சல்லடையில் அகேட்டுகள் கழுவிக் கிடந்தன. இவர் கையை முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். எப்போதும் கறுப்பாக இருக்கிற சேறு, அன்றைக்கு வெளுத்துப் பால் விட்ட மாதிரி இருந்தது.

"என்னங்க தேடுறீங்க?"

மறுபடி துழாவினார். விரலிடுக்கில் சேற்றை வழித்து வழித்துப் பார்த்தார்.

"குட்டி கல்லு எங்கங்க?"

"கரைஞ்சு போச்சு" என்றார். "சுண்ணாம்புக் கல்லு."

பம்ப் கூடத்தில் ஒரு தடவை இவர் கை நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்போதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கடைக்குத் தாமதமாகிறது என்பதையும் மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. "இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க? அதே அளவுல, அதே நிறத்துல ஒரு கல்லு பளபளன்னு எடுத்துக் குடுங்க. குழந்தைக்கு என்ன தெரியப் போகுது?" என்றேன். அவரும் தேடினார். ஜன்னல் கட்டையில் கிடந்த மடகாஸ்கர் கல் ஒன்று கிட்டத்தட்ட அதே தவிட்டு நிறம், பார்க்க இன்னும் அழகு. அதை ரிப்பன் மேல் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குட்டி, "என் கல்லு சுத்துதா தாத்தா?" என்று கேட்டது.

"சுத்துது" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரிப்பனிலிருந்து அந்த மடகாஸ்கர் கல்லை எடுத்து ஜன்னலிலேயே திரும்ப வைத்தார். உருளையை நிறுத்திவிட்டார். அந்த இரைச்சல் இல்லாமல் வீடு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் எது சொன்னாலும் கிணற்றில் போட்ட கல். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சமாதானமாகச் சொன்னேன், திட்டியும் சொன்னேன்.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். என் முன்னால் வந்து நின்றார்.

"அவளுக்கு போன் போடு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. குட்டி ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

"தெரியும். போடு."

போட்டேன். எடுத்ததும் ஸ்பீக்கரில் அவள் குரல் பதறியது. "என்னம்மா? அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி, இங்கதான் நிக்கிறார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் கையை நீட்டினார்.

"குடு."

கொடுத்தேன். இவர் போனைக் காதில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

"குட்டியோட கல்லைக் கெடுத்துட்டேன்மா. சுத்துதுன்னு சொன்னது பொய். அது இல்ல. கரைஞ்சு போச்சு. முதல்ல சோதிச்சுப் பாத்திருக்கணும். எப்பவும் பாப்பேன். இதைப் பாக்கல. எல்லாக் கல்லும் தாங்கும்னு நெனச்சுப் போட்டுட்டேன். அது தாங்குற கல்லு இல்ல. கல்லு மேல தப்பு இல்லம்மா. அதைக் கொண்டு போய் அங்க போட்டது என் தப்பு."

அவர் கல்லைப் பற்றித்தான் பேசினார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இந்த மனிதருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஆனால் என் பெண் வேறு எதையோ கேட்டுவிட்டாள். போனுக்குள்ளிருந்து அழுகை வந்தது. சின்ன வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து அழுவாளே, அந்த அழுகை.

இவர் பயந்துவிட்டார். "அவ ரொம்ப ஆசையா இருந்தாளா? வேற கல்லு தரேன்னு சொல்லலாம். ஆனா அதுதான் இதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இங்க வந்ததும் நானே சொல்லிடுறேன். நீ சொல்ல வேண்டாம்." அவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்சு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பா, வெச்சிடாதீங்க" என்றாள் அவள். "குட்டி அழுதா நான் பாத்துக்கிறேன். நீங்க இன்னும் கொஞ்சம் பேசுங்க."

நீட்டிய கையை மடக்கினார். என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், நான் பாதியில் விட்ட தட்டைப் பார்த்தார்.

"சாப்டியா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா."

இவர் முகம் சுருங்கியது. பழக்க தோஷம், என் பக்கம் திரும்பினார். "ஏன் இவ்வளவு நேரம் சாப்பிடாம இருக்காளாம்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு சந்தோஷம் வந்ததோ, தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னைக் கேக்காதீங்க. அவளையே கேளுங்க" என்றேன்.

கேட்டார்.